பயணம் அலுத்துப்போனதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

கேள்வி:

எனக்கு 37 வயது. ஒரே அலுவலகத்தில், கணக்குப் பிரிவில் 12 வருடம் வேலை பார்த்தேன். கடைசி இரண்டு வருடம் காலையில் கண் விழிக்கும்போதே அழுகை வரும். ஒருநாள் முடிவெடுத்து வேலையை விட்டேன். சேமிப்பை எடுத்துக்கொண்டு தனியாக 14 மாதம் பல நாடுகளைச் சுற்றினேன். முதல் ஆறேழு மாதம் ஆசைப்பட்டபடியே இருந்தது. அப்புறம் மலை, கடல், பழைய கோட்டை எதைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றவில்லை. நடுவில் உடம்பு சரியில்லாமல் ஒரு மலையூரில் ஏழு வாரம் தங்க வேண்டிவந்தது. அங்கே விடுதி நடத்திய அம்மாவுக்குக் கணக்கு நோட்டுகளைச் சரிசெய்து கொடுத்தேன். அந்த ஏழு வாரம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை. மற்றபடி ஊர் மாறிக்கொண்டே இருந்தேன். திரும்பி வந்து மூன்று மாதம் ஆகிறது. அங்கே இருந்தபோது வீட்டு நினைப்பு. இங்கே வந்ததும் பயணத்தின் நினைப்பு. எல்லோரும் 'கொடுத்துவைத்தவள்' என்கிறார்கள். அலுத்துப்போனது என்று யாரிடம் சொல்வது? பழைய மேலதிகாரி திரும்பக் கூப்பிடுகிறார், மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்கிறார். கையில் எட்டு மாதத்துக்குப் பணம் இருக்கிறது. திரும்பிப் போனால் தோற்றதாகிவிடுமா? மறுபடி கிளம்பினால் ஓடிப்போவதா? 14 மாதத்தை வீணாக்கிவிட்டேனா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அலுத்துப்போனதை யாரிடமும் சொல்ல முடியவில்லை என்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன். மற்ற கேள்விகளுக்கு அவ்வளவு கனம் ஏறியிருப்பதும் அந்த வெட்கத்தால்தான். வேலையை விட்டுவிட்டு மாதக்கணக்கில் பயணம் போய்வந்தவர்கள் என்னிடம் ஆலோசனைக்கு வருவதுண்டு. கொஞ்ச நேரம் பேசியபின், குரலைத் தாழ்த்திக்கொண்டு நீங்கள் எழுதியதையே சொல்வார்கள். பெரும்பாலோருக்கு அலுப்பு வருகிறது. படங்களோடு அதை யாரும் போடுவதில்லை என்பதால் உங்களுக்கு மட்டும் வந்ததுபோல் தெரிகிறது.

மனம் எதற்கும் பழகிக்கொள்ளும். புதிதாக ஒன்று வந்தால் கூர்ந்து பார்க்கும். அது தினமும் வரத் தொடங்கினால் பார்வையை எடுத்துவிடும். சம்பள உயர்வு, புது வீடு எல்லாவற்றிலும் நடப்பது இதுதான். மூன்று நாளைக்கு ஒரு புது ஊர் என்று போகும்போது, புது ஊர் என்பதே வழக்கமாகிவிடுகிறது. முதல் மாதம் பார்த்த கோட்டையும் ஒன்பதாம் மாதம் பார்த்த கோட்டையும் அழகில் சமமாகவே இருந்திருக்கலாம். ஒன்பதாம் மாதத்தில் அதன் முன்னால் நின்றவர் களைத்துப்போன மனிதர்.

களைப்பு என்று தெரிந்தே சொல்கிறேன். நீண்ட பயணம் வெளியிலிருந்து பார்த்தால் ஓய்வு மாதிரி இருக்கும். உள்ளே இருப்பவருக்கு அது ஓயாத ஏற்பாட்டு வேலை. இன்று இரவு எங்கே தூங்குவது, நாளை எந்த வண்டி, பணத்தை எங்கே மாற்றுவது, துணி எங்கே துவைப்பது, இந்தத் தெரு பாதுகாப்பானதா என்று அலுவலக நாட்களில் யோசிக்கவே தேவைப்படாத விஷயங்களுக்கெல்லாம் தினமும் முடிவெடுக்க வேண்டும். தனியாகப் போகும் பெண்ணுக்கு இதற்கு மேலும் ஒரு வேலை உண்டு. எங்கே இருந்தாலும் சுற்றிலும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். அதை 14 மாதம் செய்திருக்கிறீர்கள். போதாததற்கு விசா வேறு விரட்டும். ஐரோப்பாவில் தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஷெங்கன் பகுதியின் 29 நாடுகளையும் சேர்த்து, குறுகிய கால விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் இருக்க முடியும். வேறு பல நாடுகள் சுற்றுலாப் பயணிக்கு 30 நாளே கொடுக்கின்றன. ஒரு ஊர் மனதுக்குப் பிடிக்கும் நேரத்தில் கிளம்ப வேண்டிய தேதி வந்துவிடும். உங்கள் பயணத்தின் வேகத்தில் எவ்வளவு நீங்கள் விரும்பித் தேர்ந்தது, எவ்வளவு நாட்காட்டி தேர்ந்தது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

இப்போது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த மலையூருக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை உங்கள் கடிதத்தின் முக்கியமான வரி அதுதான்.

உடம்பு சரியில்லை, பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் நின்றுபோனது, ஒரே அறையில் ஏழு வாரம். கணக்குப்படி உங்கள் பயணத்தின் மோசமான பகுதியாக இருந்திருக்க வேண்டியது அது. ஆனால் 14 மாதத்தில் அந்த நாட்களைப் பற்றி மட்டும்தான் 'எப்படிப் போனதென்றே தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாட்களில் நீங்கள் செய்ததோ, எதைவிட்டு ஓடிவந்ததாக நினைத்தீர்களோ அதே கணக்கு வேலை. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பழைய ஓர் ஆய்வைத் தொட வேண்டும். வியன்னாவுக்குத் தெற்கே மரியென்தால் என்ற சிற்றூர், ஒரே ஒரு நெசவாலையை நம்பி இருந்தது. உலகப் பொருளாதாரம் சரிந்த நேரத்தில், 1929-30இல், ஆலை மூடப்பட்டு கிட்டத்தட்ட ஊர் முழுக்க வேலை இழந்தது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகிய சமூக ஆய்வாளர்கள் குழுவாக அங்கே போய் மக்களின் அன்றாடத்தைக் கவனித்து 1933இல் வெளியிட்டார்கள். நேரம் கையில் ஏராளமாக இருக்கிறதே, மக்கள் இனி நிறையப் படிப்பார்கள், கூடுவார்கள் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது வேறு. நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்துபோயிருந்தது. தெருவில் நடப்பவர்களை அவர்களுக்குத் தெரியாமல் கவனித்தபோது, ஆண்களின் நடை மெதுவாகியிருந்தது. அடிக்கடி சும்மா நின்றார்கள். அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவர்கள் வறுமையில் இருந்தார்கள், வேலை அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. நீங்கள் சேமிப்போடு, விரும்பி விட்டீர்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் அந்த ஆய்விலிருந்து யஹோடா பின்னாளில் வளர்த்தெடுத்த கருத்து உங்களுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். சம்பளம் தவிர வேலை நமக்கு ஐந்து விஷயங்களைச் சத்தமில்லாமல் கொடுக்கிறது என்றார் அவர். நாளுக்கு ஒரு வடிவம். வீட்டுக்கு வெளியே மனிதர்களோடு தொடர்ந்த பழக்கம். பலரோடு சேர்ந்து ஒரு காரியத்தில் பங்கு. சமூகத்தில் ஓர் இடம், ஓர் அடையாளம். தினமும் கையும் மூளையும் ஈடுபட ஏதாவது ஒன்று. வேலை மோசமாக இருந்தாலும் இந்த ஐந்தும் ஓரளவு வந்துகொண்டிருக்கும். வேலையை விடும்போது கசப்பானதை மட்டும் விட்டதாக நினைத்துக்கொள்கிறோம், ஐந்தும் கூடவே போய்விடுகிறது.

முதல் சில மாதங்களில் இது தெரியாது. களைத்துப்போன ஒருவருக்கு நாளுக்கு வடிவம் இல்லாமல் இருப்பதே மருந்து. உங்களுக்கும் ஆறேழு மாதம் அந்த மருந்து வேலை செய்தது. உடம்பும் மனமும் தேறியபின் இந்த ஐந்தின் பசி எடுக்கத் தொடங்கும். அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்? எல்லோரும் செய்வதைத்தான். இந்த ஊர் சரியில்லை போலிருக்கிறது, அடுத்த ஊர் போவோம் என்று கிளம்பினீர்கள். அடுத்த ஊரில் காட்சி புதிது. பழகிய முகம் கிடையாது, நீங்கள் வரவில்லை என்றால் தேட ஆள் கிடையாது, முடிக்க வேண்டிய காரியமும் கிடையாது.

மலையூரில் அவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. காலையில் உட்கார ஒரு மேசை. தினமும் பேச ஓர் அம்மா. அவருக்கும் உங்களுக்கும் பொதுவாக ஒரு காரியம். அந்த வீட்டில் நீங்கள் 'அறை எடுத்திருக்கும் வெளிநாட்டுப் பெண்' என்பதிலிருந்து 'கணக்குப் பார்த்துத் தருகிறவர்' என்று ஆனீர்கள். குழம்பிக் கிடந்த நோட்டு உங்கள் கையில் நேராவதைப் பார்த்தீர்கள். பன்னிரண்டு வருடப் பழக்கம் உள்ள கைக்கு அது எவ்வளவு நிறைவாக இருந்திருக்கும்! அதைப் போய் 'மற்றபடி' என்று சொல்லித் தாண்டிவிட்டீர்களே.

வீணாக்கிவிட்டேனா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. வெளிநாட்டில் வாழ்ந்தவர்களைப் பற்றி ஹாஜோ ஆடமும் சக ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை இந்த விஷயத்தில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தான் யார், தனக்கு எது முக்கியம் என்பதில் ஒருவருக்கு எவ்வளவு தெளிவு இருக்கிறது என்று பார்த்தார்கள். எத்தனை நாடுகளில் இருந்தோம் என்பது அந்தத் தெளிவோடு தொடர்புபடவில்லை. எவ்வளவு காலம் இருந்தோம் என்பது தொடர்புபட்டது. வேறொரு வாழ்க்கை முறைக்குள் நீண்ட நாள் இருக்கும்போது, 'நான் நம்புவதெல்லாம் உண்மையில் என்னுடையதா, வளர்ந்த இடம் பழக்கிவிட்டதா' என்று யோசிக்க நேர்கிறது. அந்த யோசனைதான் தெளிவைத் தருகிறது என்பது அவர்களின் விளக்கம். வெளிநாட்டில் குடியிருப்பதும் சுற்றிப் பார்ப்பதும் ஒன்றல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் உங்கள் 14 மாதத்தை நாடுகளின் எண்ணிக்கையால் அளக்காதீர்கள். உங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்றை அது காட்டியிருக்கிறது. கணக்கு வேலை உங்களுக்குப் பிடிக்கும். அந்த அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடி இதை நீங்கள் கண்டுபிடித்திருக்க வழியே இல்லை. அங்கே வேலையும் வலியும் அவ்வளவு ஒட்டிக் கிடந்தன.

சரி, வேலை பிடிக்கும் என்றால் பழைய மேலதிகாரியிடம் சரி என்று சொல்லிவிடலாமா? அவசரப்படாதீர்கள்.

காலையில் கண் விழிக்கும்போதே அழுகை என்பது சாதாரண விஷயமல்ல. வேலையால் வரும் இந்தச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டில் விளக்கியது. நோய் என்று சொல்லவில்லை. சரியாகச் சமாளிக்கப்படாத, நீடித்த பணிச்சூழல் அழுத்தத்தால் வருவது என்று சொன்னது. சக்தியெல்லாம் வடிந்துபோவது, வேலைமேல் விலகலும் கசப்பும் வருவது, தன்னால் ஒன்றும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்று தோன்றுவது ஆகிய மூன்றும் அதன் முகங்கள். நீண்ட பயணம் இதில் முதலாவதை நன்றாகச் சரிசெய்யும். உங்களுக்கும் செய்தது. ஆனால் நீங்கள் ஊர் சுற்றிய நேரத்தில் அந்த அலுவலகம் சரியாகியிருக்குமா? அதற்கு எந்தக் காரணமும் இல்லை. தேறிய உடம்போடு அதே இடத்துக்குப் போய், முதல் சில மாதம் 'நன்றாகத்தானே இருக்கிறது' என்று நினைத்து, வருடக் கடைசியில் அதே அழுகைக்குத் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் அந்த அலுவலகத்தில் உங்களை உடைத்தது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வேலைச் சோர்வைப் பல ஆண்டு ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் ஆறு இடங்களில் தேடச் சொல்கிறார்கள். வேலைச் சுமை, செய்யும் வேலைமேல் நமக்கு இருக்கும் பிடி, அதற்குக் கிடைக்கும் மதிப்பும் ஊதியமும், கூட வேலை செய்கிறவர்கள், நியாயம், அங்கே நடப்பது நம் மனதுக்குச் சரியாகப் படுகிறதா என்பது. மாத முடிவில் கணக்கு மூடும் நாட்களின் சுமையா? ராத்திரி வந்து நிற்கும் 'உடனே வேண்டும்' மின்னஞ்சலா? மற்றவர் தவறுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருந்ததா? சரியில்லை என்று தெரிந்த கணக்கில் கையெழுத்துப் போடச் சொன்னார்களா? இவற்றில் எது என்பதைப் பொறுத்து என் பதில் மாறும். சுமை என்றால் ஆட்களையும் நேரத்தையும் பற்றிப் பேசித் தீர்க்க இடம் உண்டு. நியாயமோ மனசாட்சியோ அடிபட்டது என்றால், அதே மேலதிகாரியின் கீழ் அது மாறும் என்று நான் நம்பமாட்டேன். அப்படியிருந்தால் போகாதீர்கள்.

இதைப் பிரித்துப் பார்க்க உங்கள் நினைவை மட்டும் நம்ப வேண்டாம். டெரன்ஸ் மிட்செல், லீ தாம்ப்சன் குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஐரோப்பியச் சுற்றுலா போனவர்களையும் மூன்று வாரம் சைக்கிள் பயணம் போனவர்களையும் கிளம்பும் முன், போகும்போது, வந்தபின் என்று விசாரித்தார்கள். போகும் முன் எதிர்பார்த்ததும் வந்தபின் நினைவுகூர்ந்ததும், நடுவில் அவர்கள் உண்மையில் உணர்ந்ததைவிட இனிமையாக இருந்தன. நடுவில் வந்த எரிச்சலும் ஏமாற்றமும் சில நாளிலேயே நினைவிலிருந்து நழுவிவிட்டன. 'அங்கே வீட்டு நினைப்பு, இங்கே பயணத்தின் நினைப்பு' என்ற உங்கள் தவிப்பில் இதற்கும் பங்கு உண்டு. எது தூரத்தில் இருக்கிறதோ அது மெருகேறிக்கொள்கிறது. இன்னும் ஒரு வருடம் போனால் அந்த அலுவலகமே நல்ல இடமாகத் தோன்றத் தொடங்கும், பாருங்கள்.

ஆகவே ஒரு வேலை தருகிறேன். எட்டாம் மாதத்திலிருந்து கடைசிவரை நீங்கள் நெருங்கியவர்களுக்கு அனுப்பிய செய்திகளைத் திறந்து, தேதி வாரியாகப் படியுங்கள். அதேபோல் வேலையை விடுவதற்கு முந்தைய ஆறு மாதத்தில் நண்பர்களிடம் புலம்பியவற்றையும் படியுங்கள். எந்த நாளில் குரல் லேசாக இருக்கிறது, எந்த நாளில் கனத்திருக்கிறது என்று ஓரத்தில் குறியுங்கள். அந்த நாளில் யாரோடு இருந்தீர்கள், கையில் என்ன வேலை இருந்தது என்றும் எழுதுங்கள். படங்களைப் பார்க்காதீர்கள், நன்றாக வந்ததை மட்டும்தான் எடுத்து வைத்திருப்பீர்கள்.

திரும்பி வந்தபின் இருக்கும் இந்தத் தத்தளிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் போய் இருப்பவர்களுக்கு ஆரம்பத்தில் ஒரு சரிவு வரும் என்பது பரவலாகத் தெரிந்தது. திரும்பி வரும்போது இன்னொரு சரிவு வரும் என்று ஆய்வாளர்களான கல்லஹார்ன் இணையர் 1963இலேயே எழுதினார்கள். எல்லோருக்கும் இந்த இரட்டைச் சரிவு அச்சாகப் பொருந்துவதில்லை. பொருந்துகிறவர்களுக்கு இரண்டாவதுதான் கடினம். ஏனென்றால் போகும்போது சிரமத்தை எதிர்பார்த்துப் போகிறோம், வீட்டுக்கு வரும்போது எதிர்பார்ப்பதில்லை. வீடு அப்படியே இருக்கிறது, நாம் கொஞ்சம் மாறியிருக்கிறோம். 'எப்படி இருந்தது?' என்று கேட்கிறவர்களுக்குப் பொறுமை ஐந்து நிமிடம். அதற்குள் சொல்ல முடிவது 'சூப்பரா இருந்தது' என்ற ஒன்றுதான். கொடுத்துவைத்தவள் என்று சொன்னபின் எதிரே இருப்பவருக்கு அலுப்பைப் பற்றிக் கேட்கும் மனநிலையும் இருக்காது. ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். பொறாமையோ கவலையோ இல்லாமல் கேட்கக் கூடியவராக இருக்கட்டும். 'நான் ஒரு மணி நேரம் பேச வேண்டும், நடுவில் யோசனை சொல்ல வேண்டாம்' என்று கேட்டு, அந்தக் கடைசி ஏழு மாதத்தைச் சொல்லிவிடுங்கள். மற்றவர்களிடம் 'நன்றாக இருந்தது, கடைசியில் களைத்துவிட்டேன்' என்பதே போதும். அது உண்மையும்கூட.

ஓர் எச்சரிக்கையைத் தனியாகச் சொல்கிறேன். கடந்த இரண்டு வாரத்துக்கு மேலாகக் கிட்டத்தட்ட தினமும் மனம் சோர்ந்தே இருக்கிறது, முன்பு பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால், அது பயண அலுப்பு என்று நீங்களே முடிவு செய்யாமல் மருத்துவரைப் பாருங்கள். உயிர் வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே போங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு. மலையூரில் வந்த காய்ச்சலோ வேறெதுவோ, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தசோகை, தைராய்டு கோளாறு போன்றவையும் இப்படிச் சோர்வாகத்தான் வெளியே தெரியும். பயணத்தில் மலேரியா வராமலிருக்க மெஃப்ளோகுயின் மாத்திரை எடுத்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். அது சிலருக்குப் பதற்றம், மனச்சோர்வு, கெட்ட கனவுகளைக் கொண்டுவரும், நிறுத்தியபின்னும் நீடிக்கலாம். இதனால்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் அதன் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. எட்டாம் மாதத்துச் சலிப்பில் உடம்புக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம்.

பணத்துக்கு வருவோம். எட்டு மாதக் கையிருப்பு நல்ல நிலைமை, ஆனால் பயணத்தில் பழகிய கண்ணுக்கு அது எட்டு மாத விடுமுறையாகத் தெரியும் ஆபத்து இருக்கிறது. அதில் கடைசி மூன்று மாதத்துக்கானதை வேறு கணக்கில் போட்டு மறந்துவிடுங்கள். மிச்சம் ஐந்தில் முதல் இரண்டு மாதம் நிதானமாக யோசிக்கவும் முயன்று பார்க்கவும். அதற்குப்பின் எந்த முடிவானாலும் வேலை தேடும் முயற்சியைத் தொடங்கிவிட வேண்டும். பதில் வரவும் நேர்காணல் நடக்கவும் மாதங்கள் ஆகும், கை காலியான நிலையில் பேரம் பேச முடியாது. இப்படிப் பார்த்தால், மாதக் கடைசி என்ற கெடு உங்கள் மேலதிகாரியின் அவசரம். உங்களுக்கு அந்த அவசரம் இல்லை.

அந்த இரண்டு மாதத்தில் ஒன்றை முயன்று பாருங்கள். உங்களுக்கு அருகில் கணக்கைச் சமாளிக்கத் திணறும் ஒரு சிறு தொழிலோ தொண்டு அமைப்போ நிச்சயம் இருக்கும். வாரத்துக்கு இரண்டு நாள், ஆறு வாரத்துக்கு அவர்கள் கணக்கைப் பார்த்துத் தருகிறேன் என்று கேளுங்கள். குறைந்த தொகையானாலும் கூலி வாங்குங்கள், ஓசியில் செய்தால் உங்கள் வேலைமேல் உங்களுக்கே மதிப்பு குறையும். மலையூரின் சந்தோஷம் மலையால் வந்ததா, வேலையால் வந்ததா என்று அப்போது தெரிந்துவிடும். வேலையால்தான் என்றால், பெரிய அலுவலகத்தின் ஒரு மூலையைவிட நான்கைந்து சிறு நிறுவனங்களுக்குக் கணக்குப் பார்ப்பது உங்களுக்குப் பொருந்தும் என்பது என் ஊகம். வருமானம் முதலில் குறையும். நேரத்தின்மேல் பிடி உங்களிடம் இருக்கும்.

மறுபடி பயணமா? இப்போது வேண்டாம் என்பேன். ஓடிப்போவதாகிவிடும் என்ற பயத்தால் சொல்லவில்லை. அந்தச் சொல்லால் உங்களை நீங்களே அடித்துக்கொள்ள வேண்டாம். அழுதுகொண்டே எழுந்த இடத்தைவிட்டு ஒருமுறை ஓடினீர்கள், சரியான நேரத்தில் ஓடினீர்கள். இப்போது கிளம்பினால் அதே வேகத்தில் அதே மாதிரிதான் போவீர்கள் என்பதால் சொல்கிறேன். பிறகு போகும்போது ஒரு ஊர், இரண்டு மூன்று மாதம், கையில் ஒரு வேலை என்று திட்டமிடுங்கள். தங்குமிடத்துக்குப் பதிலாக உதவி செய்வதைக்கூடப் பல நாடுகள் வேலையாகவே கருதும், சுற்றுலா விசாவில் அதற்கு அனுமதி இருக்காது, முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். வேறொரு நாட்டில் இருந்துகொண்டு தொலைவிலிருந்து வேலை செய்வதற்கென்றே எஸ்தோனியா 2020இல் தனி விசா கொண்டுவந்தது, பின்னர் பல நாடுகள் அதைப் பின்பற்றின. சம்பள வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். ஒரே நாட்டில் 183 நாளுக்கு மேல் இருந்தால் பல இடங்களில் அங்கே வரி கட்ட வேண்டியவராகிவிடுவீர்கள். கணக்குத் தெரிந்த உங்களுக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை.

திரும்பிப் போனால் தோற்றதா என்று கேட்டீர்கள். யாரிடம் தோற்றதாக? வேலையை விட்டபோது 'பார்க்கலாம், எத்தனை நாளைக்கு' என்று சொன்ன யாரோ ஒருவரின் முகம் உங்கள் மனதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த முகத்தை வைத்து வேலையை மறுப்பதும் தப்பு, ஏற்பதும் தப்பு. நேர்காணலில் இடைவெளியைப் பற்றிக் கேட்டால் மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம்: 'பன்னிரண்டு வருடத்துக்குப்பின் திட்டமிட்டு இடைவெளி எடுத்தேன், என் சேமிப்பில் 14 மாதம் தனியாகப் பயணம் செய்தேன், ஒரு சிறு விடுதியின் கணக்கைச் சீராக்கிக் கொடுத்தேன், இப்போது வேலைக்குத் தயார்.' இதற்கு மேல் விளக்கம் கொடுக்கத் தேவையில்லை. லிங்க்டுஇன்னிலேயே 2022 முதல் பணி இடைவெளி என்று தனியாகக் குறிப்பிட இடம் இருக்கிறது, அதில் பயணமும் ஒரு வகை.

மேலதிகாரிக்கு இந்த வாரமே எழுதிவிடுங்கள். மாதக் கடைசிவரை தள்ளிப்போட்டால் பயத்தில் ஆம் என்றோ கோபத்தில் இல்லை என்றோ எழுத நேரும். இப்படி இருக்கலாம்:

'என்னை நினைவு வைத்துக் கூப்பிட்டதற்கு நன்றி. ஆர்வம் இருக்கிறது. முடிவு சொல்லும் முன் சில விஷயங்கள் தெரிய வேண்டும். பொறுப்புகள் முன்பு இருந்தவையேதானா? என் இடத்தில் இப்போது யார் இருக்கிறார்கள், அவர் ஏன் போகிறார்? மாத முடிவுக் கணக்கை எத்தனை பேர் சேர்ந்து முடிக்கிறார்கள்? வாரத்தில் மூன்று நாள் என்று தொடங்க முடியுமா? எனக்கு முடிவெடுக்க எட்டு வாரம் வேண்டும். அதுவரை காத்திருக்க முடியாது என்றால் புரிந்துகொள்கிறேன்.'

மூன்று நாள் என்பதை நிச்சயம் கேளுங்கள், கிடைக்காவிட்டாலும். அவர் எப்படிப் பதில் எழுதுகிறார் என்பதிலேயே அந்த இடம் மாறியிருக்கிறதா என்று உங்களுக்குப் பாதி தெரிந்துவிடும். எட்டு வாரம் முடியாது, உடனே வா என்று மட்டும் பதில் வந்தால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதியிருந்தால், செய்திகளைப் படித்து நீங்கள் குறித்து வைத்ததையும் அந்தப் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதன்பின்னும் குழப்பமாக இருந்தால் இரண்டையும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.